தலையில் மாட்டிக் கேட்ட ரேடியோ

நம் சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று ஆசிரியர் கேட்டபோது, நான் ரயில்வே அனுபவங்களை எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். ரயில் கதை சொல்ல நம் சங்கத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆகவே வேறொரு விஷயத்தை எடுத்துக்கொண்டேன். கடந்த 22 ஆண்டுகளாக நான் பழைய ரேடியோ ஹெட்போன்களைச் சேர்த்து வருகிறேன். இன்றைக்கு என்னிடம் 31 ஜோடிகள் இருக்கின்றன. பெரும்பாலானவை 1920களில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் செய்யப்பட்டவை. "இதையெல்லாம் வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று வீட்டில் கேட்காத நாளில்லை. அந்தக் கேள்விக்கும் இக்கட்டுரையில் ஓரளவு பதில் இருக்கிறது.

டிப்ளமோ முடித்து 1981இல் கரக்பூரில் சிக்னல், தொலைத்தொடர்புப் பிரிவில் சேர்ந்தேன். அப்போது கண்ட்ரோல் ஆபீஸில் செக்‌ஷன் கண்ட்ரோலர்கள் தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டுதான் எட்டு மணி நேரமும் ஸ்டேஷன் மாஸ்டர்களுடன் பேசிக்கொண்டிருப்பார்கள். பழுதான ஹெட்போன்கள் எங்கள் மேஜைக்கு வரும். மூடியைத் திருகிக் கழற்றினால் உள்ளே இருப்பவை ஒரு காந்தம், இரண்டு காயில், ஒரு மெல்லிய இரும்புத் தகடு, அவ்வளவுதான். இவ்வளவு எளிமையான ஒரு பொருள் மனிதக் குரலை எப்படித் தருகிறது என்ற வியப்பு எனக்கு ஓய்வு பெற்ற பிறகும் தீரவில்லை.

ஹெட்போன் ரேடியோவுக்காகப் பிறந்ததல்ல. டெலிபோனிலிருந்து வந்தது. அதைக் கம்பியில்லாத் தந்திக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் முழுகிய இரவில், கார்பேத்தியா என்ற கப்பலின் தந்தி ஆபரேட்டர் ஹெரால்டு காட்டம் படுக்கப் போகும் முன் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஹெட்போனை மட்டும் தலையிலிருந்து எடுக்கவில்லை. அதனால்தான் ஆபத்துச் செய்தி அவர் காதில் விழுந்தது. எழுநூறு பேருக்கு மேல் உயிர் பிழைத்தார்கள். எங்கள் கண்ட்ரோலர்களுக்கு இந்தக் கதையைச் சொன்னால், "நாங்கள் பூட்ஸையே கழற்றுவதில்லை சார்" என்பார்கள்.

தந்தி போய்ப் பேச்சும் பாட்டும் வந்தது 1920களில். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கேடிகேஏ நிலையம் 1920 நவம்பர் 2ஆம் தேதி ஜனாதிபதித் தேர்தல் முடிவுகளை ஒலிபரப்பியது. லண்டனில் பிபிசி 1922 நவம்பர் 14ஆம் தேதி ஒலிபரப்பைத் தொடங்கியது. வால்வு ரேடியோக்கள் அப்போது சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத விலை. வால்வுக்கு பேட்டரி வேறு வேண்டும். ஆகவே பெரும்பாலோர் வாங்கியது அல்லது தாமே செய்துகொண்டது கிரிஸ்டல் செட். ஒரு நீண்ட ஏரியல் கம்பி, ஒரு சுருள், ஒரு சிறு கல். அந்தக் கல் கலீனா என்ற ஈயத் தாது. அதன் மேல் மெல்லிய கம்பி ஒன்றை மெதுவாக நகர்த்தி, ஒலி கேட்கும் புள்ளியைக் கண்டுபிடிக்க வேண்டும். பூனை மீசை என்றே அந்தக் கம்பிக்குப் பெயர்.

கல்கத்தாவாசிகளான நாம் இங்கே சற்று நிமிர்ந்து உட்காரலாம். கலீனாவைக் கொண்டு மின்காந்த அலைகளை உணரும் கருவிக்கு அமெரிக்கக் காப்புரிமை 1904இல் கொடுக்கப்பட்டது நம்மூர் பிரசிடென்சி கல்லூரியின் ஜகதீஷ் சந்திர போஸுக்கு. காப்புரிமை வாங்குவதில் அவருக்கு விருப்பமே இல்லை. நண்பர்களின் வற்புறுத்தலால்தான் மனுப் போட்டார்.

கிரிஸ்டல் செட்டுக்கு பேட்டரியும் இல்லை, கரண்டும் இல்லை. அப்படியானால் ஒலி எழுப்பும் சக்தி எங்கிருந்து வருகிறது? பல மைல் தொலைவிலுள்ள ஒலிபரப்பு நிலையத்திலிருந்து காற்றில் வந்து ஏரியல் கம்பியில் படும் துளியளவு சக்திதான் மொத்த முதலீடு. அதைக் கொண்டு ஒலிபெருக்கியை அசைக்க முடியாது. காதோடு ஒட்டி வைத்த ஒரு தகட்டை லேசாக நடுங்க வைக்கலாம். அந்தக் காலத்து ஹெட்போனின் வடிவமைப்பு முழுவதும் இந்தக் கஞ்சத்தனத்திலிருந்து பிறந்ததே.

முதலாவது, கம்பி. இந்த ஹெட்போன்களின் முதுகில் 2000 ஓம் அல்லது ஜோடிக்கு 4000 ஓம் என்று பொறித்திருக்கும். டெலிபோன் ரிசீவர் நூறு ஓமுக்குள் இருக்கும். மின்தடை அதிகமாக இருப்பது நல்லது என்று சிலர் நினைக்கிறார்கள். மின்தடையால் தம்படிக்குப் பிரயோஜனமில்லை. வரும் மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் அதை ஆயிரக்கணக்கான சுற்றுகளில் ஓடவிட்டுக் காந்த விசையைப் பெருக்க வேண்டும். அத்தனை சுற்றுகள் அந்தச் சிறு கிண்ணத்துக்குள் அடங்க வேண்டுமானால் கம்பி தலைமுடியைவிட மெல்லியதாக இருக்க வேண்டும். மின்தடை அதனால் தானாக வந்து சேர்வது. 0.05 மில்லிமீட்டர் கம்பி என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 4000 ஓமுக்கு ஏறக்குறைய 470 மீட்டர் வருகிறது. அரை கிலோமீட்டர் செம்புக் கம்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்! அத்தனையின் எடை பத்து கிராம்கூட இல்லை.

இரண்டாவது, காந்தம். காயிலே மின்காந்தமாகித் தகட்டை இழுக்குமே, நிரந்தரக் காந்தம் எதற்கு என்று டிப்ளமோ படிக்கும்போது எனக்குச் சந்தேகம் வந்தது. விடை அழகானது. சும்மா ஒரு மின்காந்தம் மட்டும் இருந்தால், மின்னோட்டம் இந்தப் பக்கம் ஓடினாலும் இழுக்கும், அந்தப் பக்கம் ஓடினாலும் இழுக்கும். ஓர் அலைக்கு இரண்டு இழுப்பு. பாடகர் மத்திய ஸ்தாயி ஸட்ஜம் பாடினால் நமக்கு மேல் ஸட்ஜம் கேட்கும்! நிரந்தரக் காந்தம் தகட்டை ஏற்கெனவே ஓரளவு இழுத்து வைத்திருந்தால், மின்னோட்டம் ஒரு திசையில் ஓடும்போது இழுப்பு கூடும், மறு திசையில் ஓடும்போது குறையும். ஸ்வரம் ஸ்வரமாகவே வரும். அத்துடன் இன்னொரு லாபம். இழுவிசை காந்தப் புலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பெரிய புலத்தின் மேல் ஒரு சிறு மாற்றம் ஏற்றப்படும்போது, அந்தச் சிறு மாற்றம் தனியாகச் செய்யக்கூடியதைப்போலப் பல மடங்கு வேலை நடக்கிறது. நூற்றாண்டு கண்ட ஹெட்போன் ஊமையாவதற்கு ஒரு காரணம், காந்தம் சோர்ந்துபோவதே.

கம்பெனிகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் பக்கம் போதாது. மூன்றை மட்டும் சொல்கிறேன். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியேல் பால்ட்வின் 1910இல் தன் வீட்டுச் சமையலறையில் ஹெட்போன் செய்து அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். சோதித்துப் பார்த்த கடற்படை அசந்துபோய் மேலும் கேட்டது. சமையலறையில் ஒரு தடவைக்குச் சில ஜோடிகள்தான் செய்ய முடியும் என்று பதில் எழுதினாராம். அவருடைய கருவியில் இரும்புத் தகடு கிடையாது. காந்த முனைகளுக்கு நடுவே ஒரு சிறு இரும்புத் துண்டு தராசுக்கோல்போல ஊசலாடும். அதிலிருந்து ஒரு மெல்லிய கம்பி, மைக்காவால் ஆன தகட்டை அசைக்கும். காந்தம் தகட்டை எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கும் தொந்தரவு இதில் இல்லை. ஆகவே அதிக ஒலி. ஒரு பால்ட்வின் ரிசீவரைக் கழற்றிக் கிராமபோன் குழலில் பொருத்தி ஒலிபெருக்கியாகவே பலர் உபயோகித்தார்கள். வானொலி யுகத்தில் பெரும் பணம் பார்த்த அந்த மனிதரின் கம்பெனி 1924இல் நொடித்துப்போனது.

இரண்டாவது, லண்டன் ஆக்டனில் இருந்த எஸ்.ஜி. பிரவுன் கம்பெனியின் ஏ வகை. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். எஃகு நாக்கு ஒன்று அலுமினியக் கூம்பை அசைக்கும். பின்புறம் ஒரு திருகு உண்டு. அதைத் திருகிக் காந்தத்துக்கும் நாக்குக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டலாம், குறைக்கலாம். நாக்கு காந்தத்தில் ஒட்டும் வரை திருகி, டிக் என்ற ஒலி கேட்டதும் ஒரு மயிரிழை பின்வாங்க வேண்டும். வீணைக்குச் சுருதி சேர்ப்பதுபோல. மூன்றாவது, நியூயார்க்கின் பிராண்டஸ். இரண்டு காதுக்கும் ஒரே தொனியில் ஒலிக்கும்படி ஜோடி பார்த்துச் சேர்த்ததாக விளம்பரம் செய்து விற்றார்கள். காதில் வைத்துப் பார்த்தவரையில் அது வெறும் விளம்பரமல்ல என்பது என் அபிப்பிராயம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் 1924இல் மதராஸ் மாகாண ரேடியோ கிளப் தொடங்கி, ஜூலை 31ஆம் தேதி ஒலிபரப்பும் ஆரம்பமாயிற்று. டிரான்ஸ்மிட்டரின் சக்தி 40 வாட்ஸ். இன்று வீட்டில் எரியும் ஒரு பழைய குண்டு பல்புக்குக் கீழே! பிறகு 200 வாட்ஸ் ஆனது. பணமில்லாமல் 1927இல் கிளப் கைவிட்டதை சென்னை மாநகராட்சி எடுத்துக்கொண்டு, 1930 ஏப்ரல் முதல் நடத்தியது. மெரினா போன்ற பொது இடங்களில் ஒலிபெருக்கி வைத்தார்கள். ரேடியோ வாங்க வசதியில்லாதவர்களும் காற்று வாங்கிக்கொண்டே கேட்டார்கள். பம்பாயில் 1927 ஜூலை 23ஆம் தேதியும், கல்கத்தாவில் ஆகஸ்ட் 26ஆம் தேதியும் இந்திய ஒலிபரப்புக் கம்பெனியின் நிலையங்கள் தொடங்கின. ஒவ்வொன்றும் 1.5 கிலோவாட். கிரிஸ்டல் செட்டுக்கு முப்பது மைல் சுற்றளவில் எட்டும். லைசென்ஸ் வாங்கியவர்கள் சில ஆயிரம் பேர்தான். 1930 மார்ச்சில் கம்பெனி மூடப்பட்டு, அரசாங்கம் ஏற்றது. 1936இல் ஆல் இந்தியா ரேடியோ என்ற பெயர் வந்தது. அதற்குள் ஒலிபெருக்கி வைத்த வால்வு ரேடியோக்கள் பரவத் தொடங்கி, ஹெட்போன்கள் பரணுக்குப் போய்விட்டன.

பரண் என்றதும் நம் சங்க உறுப்பினர் ஒருவரின் வீட்டைச் சொல்ல வேண்டும். லேக் மார்க்கெட் பக்கம் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம். 1920களில் வெள்ளைக்காரக் கம்பெனியில் ஸ்டெனோவாக வந்த தாத்தா. ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் பழைய வீட்டை இடித்து ஃபிளாட் கட்டக் கொடுத்தபோது, டிரங்குப் பெட்டியில் ஒரு ஹெட்போன் கிடைத்தது. காயலான் கடைக்காரர் எடைக்குக் கேட்டிருக்கிறார். வீட்டுப் பெரியம்மா, வயது எண்பத்தெட்டு, "அதைக் கொடுக்காதேடா, அந்த ரயில்வே மாமாவிடம் காட்டு" என்று தடுத்துவிட்டார்.

கம்பெனியின் பெயர் தேய்ந்துபோயிருந்தது. வட்டமான பிபிசி முத்திரை மட்டும் பூதக்கண்ணாடியில் தெரிந்தது. பிபிசி தொடங்கிய காலத்தில், அனுமதி பெற்ற உறுப்புக் கம்பெனிகளின் சாதனங்களில்தான் அந்த முத்திரையைக் குத்தலாம் என்று விதி இருந்தது. 1920களின் நடுவில் அந்த ஏற்பாடு போய்விட்டது. ஆகவே முத்திரை இருந்தால் காலம் ஏறக்குறைய உறுதி. என் கவனத்தை ஈர்த்தது வேறொன்று. இடது ரிசீவர் காதை நோக்கியிருக்க, வலது ரிசீவர் வெளிப்பக்கம் திரும்பியபடி துருப்பிடித்து நின்றிருந்தது. ஏன் இப்படி என்று கேட்டேன். பெரியம்மா சொன்னார்: "எங்க மாமனாரோட அக்கா. சின்ன வயசிலே தாலி இழந்தவர். கூடத்துக்கு வரமாட்டார். மாமனார் கதவோரம் உட்கார்ந்து ஒரு பக்கத்தைத் தன் காதிலே வைச்சுக்குவாராம், இன்னொரு பக்கத்தைத் திருப்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நீட்டுவாராம். அத்தை காதை வைச்சுக் கேட்பாராம். மாமனார் சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

இங்கிலாந்தில் ஹெட்போனைப் பீங்கான் கிண்ணத்தில் வைத்து, குடும்பமே சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள் என்று படித்திருக்கிறேன். ஆனால் இதை எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

அது மறுபடி ஒலிக்க வேண்டும் என்று குடும்பத்தார் விரும்பினார்கள். நான்கு காயில்களும் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்தவை. ஒன்று அறுந்தாலும் மொத்தமும் ஊமை. இதில் வலது ரிசீவரின் ஒரு காயில் அறுந்திருந்தது. கல்கத்தா ஈரத்தில் செம்பு பச்சைபிடித்து, ஒரே ஒரு புள்ளியில் அரித்துப்போகும். புதுக் கம்பி சுற்றலாம். ஆனால் சுற்றினால் 1920களின் காயில் போய்விடும், திரும்ப வராது. நான் அறுந்த காயிலை அப்படியே விட்டு, அதைச் சுற்றிக்கொண்டு ஒரு சிறு இணைப்புக் கம்பி கொடுத்தேன். ஒலி வலது பக்கம் சற்றுக் குறையும். வேண்டாமென்றால் நாளைக்கே அந்தக் கம்பியை எடுத்துவிடலாம். திரும்பியிருந்த ரிசீவரையும் நேராக்கவில்லை. இதில் எனக்கும் இன்னொரு சேகரிப்பாளருக்கும் பலத்த கருத்து வேறுபாடு. பளபளவென்று நிக்கல் பூசி வைப்பதே மரியாதை என்பது அவர் கட்சி. பூசியபின் அது எந்த வீட்டு ஹெட்போன் என்று யாருக்குத் தெரியும் என்பது என் கட்சி.

அதில் எதைக் கேட்பது? எஃப்.எம். நிலையங்கள் கிரிஸ்டல் செட்டில் சரிவரக் கேட்காது. மத்திய அலை நிலையங்களோ ஒவ்வொன்றாகக் குறைந்து வருகின்றன. நான் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவின் அவுட்புட் டிரான்ஸ்பார்மரைத் தலைகீழாக இணைத்து, செல்போனிலிருந்து பாட்டு கொடுக்கிறேன். இரும்புத் தகடு ஆயிரம் ஹெர்ட்ஸை ஒட்டித்தான் உற்சாகமாக அதிரும். ஆகவே குரலும் வயலினும் நன்றாக வரும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் கேட்கவே கேட்காது. என் வயதில் உச்ச ஒலிகள் எப்படியும் காதில் விழுவதில்லை. இந்த ஹெட்போனில் கேட்கும்போது எனக்கும் என் பேரனுக்கும் ஏறக்குறைய ஒரே சங்கீதம். பெரியம்மாவுக்கு ஒரு பழைய பாட்டைப் போட்டுக் கொடுத்தோம். இடது பக்கத்தை அவர் வைத்துக்கொண்டு, வலது பக்கத்தைப் பேத்தியிடம் நீட்டினார்.

வாங்க விரும்பும் அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். பழைய சாமான் கடைகளில் 1920களைச் சேர்ந்தது என்று சொல்லி விற்பதில் பாதிக்கு மேல் இரண்டாம் உலகப்போர் காலத்து ராணுவ டிஸ்போஸல் சரக்கு. பிரிட்டிஷ் ராணுவப் பொருளானால் மேல்நோக்கிய அம்புக்குறி முத்திரை இருக்கும். அவற்றில் பல குறைந்த ஓம் கொண்டவை, கிரிஸ்டல் செட்டுக்கு ஆகாது. காப்புரிமை ஆண்டு பொறித்திருந்தால், அந்த ஆண்டுக்கு முந்தையதல்ல என்று மட்டுமே அர்த்தம். அந்த ஆண்டில் செய்தது என்று அர்த்தமல்ல.

மீட்டர் கையில் இல்லையென்றாலும் கடையிலேயே சோதிக்கலாம். ஒரு முனையை ஈர விரலால் பிடித்துக்கொண்டு, மறு கையில் ஒரு எஃகுக் கரண்டியைப் பிடித்து, அடுத்த முனையை அதில் தொட வேண்டும். உடம்பின் ஈரமும் இரண்டு வெவ்வேறு உலோகங்களும் சேர்ந்து ஒரு குட்டி பேட்டரியாகிவிடும். நல்ல ஹெட்போன் அதற்கே காதில் டிக் என்று சொல்லும். மூடியைக் கழற்றினால் தகட்டை நெம்பித் தூக்காதீர்கள், வளைந்துவிடும். பக்கவாட்டில் நகர்த்தி எடுக்க வேண்டும். தகட்டை மறுபடி வைத்துக் கருவியைத் தலைகீழாகப் பிடித்தால் விழக்கூடாது. விழுந்தால் காந்தம் போயிற்று. தகட்டை நெடுநேரம் வெளியே வைக்கவும் கூடாது. காந்தத்தின் இரு முனைகளுக்கும் பாலமாக இருந்து அதன் சக்தியைக் காப்பது அந்தத் தகடே.

மூடிகள் பெரும்பாலும் எபோனைட், அதாவது கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். வெளிச்சம் பட்டால் பச்சை கலந்த பழுப்பாகும். வெந்நீரில் கழுவினால் ஒரே நாளில் அந்த நிறத்துக்கு வந்துவிடும். உலர்ந்த துணி போதும். ஒயரை இழுத்துப் பார்க்கக் கூடாது. பருத்தி நூலில் செம்புத் தகட்டிழையைச் சுற்றிய ஒயர் அது. மேலே நன்றாக இருக்கும், உள்ளே அறுந்திருக்கும்.

மிக முக்கியமானது: பழைய வால்வு ரேடியோவில் இந்த ஹெட்போனை நேராக மாட்டிக் காதில் வைக்கவே வேண்டாம். நூறு வோல்ட் மின்சாரம் காயிலில் ஓடும். இன்சுலேஷனுக்கு வயது நூறு. இரும்பு வளையம் தலைமேல். குழந்தைகள் உள்ள வீட்டில் இதை மறக்கக் கூடாது.

மழைக்காலத்தில் என்னுடைய 31 ஜோடிகளும் மர அலமாரியில், சிலிகா ஜெல் பொட்டலங்களோடு இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு அட்டை கட்டியிருக்கிறேன். கம்பெனி, ஓம், எங்கே கிடைத்தது, யார் வீட்டில் இருந்தது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறது. பிள்ளைகள் பெங்களூரிலும் புனேயிலும் இருக்கிறார்கள். எனக்குப் பின் அலமாரி யாரிடம் போனாலும் அட்டைகளும் கூடவே போக வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டுப் பரணிலோ டிரங்குப் பெட்டியிலோ இப்படி ஏதாவது இருந்தால், துருவைத் துடைக்காமல், எதையும் நிமிர்த்தாமல், அப்படியே சங்க நூலகத்துக்குக் கொண்டுவாருங்கள். ஞாயிறு காலை பத்து மணி முதல் நான் அங்கேதான் இருப்பேன். மீட்டரும் கரண்டியும் என் பையில் இருக்கும்.